காற்றுவழித் தபால்: வாசகர் கேள்வி – பதில்

(தொலைபேசித் துறையில் லைனும் டவரும் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரேடியோ, வயர்லெஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நம் ‘வயர்லெஸ் அக்கா’ இந்த இதழிலும் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல்போன் வராத காலத்திலேயே எங்கள் ஊரில் கம்ப்யூட்டரில் அலை உயரம் பார்த்து மைக்கில் சொல்வார்களாம். அதுவும் அமெரிக்கக் கடற்படை போட்ட கணக்காம். என் பெரியப்பா கதை விடுகிறாரா?
– வாசகி, வீராம்பட்டினம்

பதில்: பெரியப்பா ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்ற ஆய்வு உதவி நிறுவனம் கொடுத்த நிதியில், புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களை ஆரம்பித்தது. தலைமை மையம் வில்லியனூரில். அங்கிருந்து எம்பலம், கீழூர், உங்கள் வீராம்பட்டினம் என்று கிளைகள். அந்தக் காலத்தில் கிராமத்தில் போன் இணைப்பு கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும், நாலு தூறல் விழுந்தால் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி லைன் செத்துவிடும். அந்த ஜாயின்ட் குழிகளில் முழங்கால் தண்ணீரில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், கம்பியை நம்பாமல் அவர்கள் காற்றை நம்பியது சரியான முடிவு.

போலீஸ் ஜீப்பில் இருக்குமே, அந்த மாதிரி வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டை ஒரு மோடம் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். ஒரே அலைவரிசையில் பேச்சும் போகும், எழுத்தும் போகும், ஆனால் மாற்றி மாற்றித்தான். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். அனுப்பியதோ சில வரிகள்தான், அதற்கு அது போதும். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் கூரையில் சோலார் தகடும் பக்கத்தில் பேட்டரியும் வைத்தார்கள்.

வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி போட்டுவந்தது. வில்லியனூரில் அதை இறக்கித் தமிழில் எழுதி வயர்லெஸ்ஸில் அனுப்புவார்கள். வீராம்பட்டினத்து மையத்தில் இருப்பவர் அதை எடுத்து ஒலிபெருக்கியில் படிப்பார். படகு தள்ளப் போகிறவர் கம்ப்யூட்டர் பக்கமே வர வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். வலையை உதறிக்கொண்டே காதில் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டிலேயே விலை குறைந்த சாமான் அந்தக் குழாய் ஒலிபெருக்கியாகத்தான் இருந்திருக்கும். கடலிலிருந்து வந்த கணக்கு மனுசன் காதில் விழுந்தது அதன் வழியாகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மையத்துக்கு இடத்தை ஊர்தான் இலவசமாகத் தர வேண்டும், அது பொது இடமாக இருக்க வேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. நடத்தியவர்களில் பெண்கள் நிறைய. நெல் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவர் விவரம் என்று அவரவர் ஊருக்கு வேண்டியதை அவர்களே சேகரித்தார்கள். ‘நம்ம ஊரு செய்தி’ என்று மாதம் இருமுறை ஒரு தாளும் வந்தது. டவர் கட்டிவிட்டு ‘கிராமம் முன்னேறிவிட்டது’ என்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி நீங்கள் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். பக்கத்து நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னதும், ‘உடனே கிளம்புங்கள், ஊரையும் கிளப்புங்கள்’ என்றார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,600 பேருக்கு மேல் இருந்த ஊர், உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது. வீடுகளும் படகுகளும் போயின. பெரியப்பாவுக்கு இதுவும் நினைவிருக்கும், உட்கார வைத்துக் கேளுங்கள்.

கேள்வி: செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிந்தது என்று எங்கள் தெருவில் டவர் வைக்க விடமாட்டோம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: குருவி கூடு கட்ட ஓட்டு வீட்டு இறவாணம் வேண்டும், குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி வேண்டும். இரண்டையும் ஒழித்தது நாம். டவர்தான் கொன்றது என்று நிரூபணமாகவில்லை. ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: டவர் தூரமாகி சிக்னல் குறையக் குறைய, உங்கள் காதில் இருக்கும் போன் தன் சக்தியைக் கூட்டிக் கத்தும். கதிர்வீச்சுக்குப் பயந்து டவரை விரட்டினால் காதுக்கு வருவது கூடத்தான் செய்யும்.

கேள்வி: அக்கா, எனக்கு ஃபைபர் படகு, ஒரு அவுட்போர்டு இன்ஜின். கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் செல்போன் செத்துப்போகிறது. இணையத்தில் ரெண்டாயிரம் ரூபாய்க்கு வாக்கி டாக்கி கிடைக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாமா?
– வாசகர், சோனங்குப்பம்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த மாதிரி செட்டுகள் பலவற்றை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். அதோடு, அதில் உப்புக்காற்றுப் பட்டு ஒரு பருவம் தாண்டாது. என் கடைக்கு வரும் செட்டுகளைத் திறந்தால் பச்சை பூத்த செம்பும் வெள்ளைப் பொடியும்தான் இருக்கும். இப்படி வாங்கிய ஒன்றுக்கு ஆன்டெனா முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ‘தண்ணி போகாம கட்டிட்டேன்க்கா’ என்று ஒருவர் கொண்டுவந்தார். டேப்புக்குள் தண்ணீர் தேங்கி நின்றது.

கடலுக்கென்றே உள்ள மரைன் வி.எச்.எஃப். செட்டை வாங்குங்கள். உரிமத்துக்கு எந்தப் படிவம், மானியம் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சேனல் 16 அபாய அழைப்புக்கு. அதில் ஊர்க்கதை பேசக் கூடாது. கூப்பிட்டுவிட்டு வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும்.

எவ்வளவு தூரம் எட்டும் என்று எல்லோரும் கேட்பீர்கள். வி.எச்.எஃப். நேர்ப்பார்வையில் போகும், பூமியின் வளைவு மறைத்தால் முடிந்தது. கணக்கு சுலபம்: ஆன்டெனா கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அது பார்க்கும் தூரம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் படகில் 4 மீட்டர் கம்பம் நட்டால் சுமார் 8. கரையில் 25 மீட்டர் கம்பம் இருந்தால் சுமார் 20 சொச்சம். ஆகக் கரையோடு பேச 28 கிலோமீட்டர். படகுக்குப் படகு என்றால் 16 தான். அதனால் வாட் கூடின செட்டுக்குக் காசைக் கொட்டுவதைவிட, கரையில் ஒரு நல்ல கம்பம் நட்டு அங்கே விடிய விடியக் காது கொடுக்க ஆள் போடுவது மேல். பத்துப் பேர் சேர்வதாகச் சொன்னீர்களே, அந்த ஒற்றுமையை இங்கே காட்டுங்கள். கரையில் கேட்க ஆளில்லாத வயர்லெஸ், படகில் ஒரு பாரம்.

ஆழ்கடல் போகும் விசைப்படகுகளுக்கு இதுவும் போதாது. 2017 ஒக்கி புயலில் தூரத்தில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. ப்ளூடூத்தில் உங்கள் போனோடு சேர்ந்துகொள்ளும், டவர் வேண்டாம், சிறு செய்தி வரும் போகும், ஆபத்துக்கு ஒரு பட்டன். மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் தகவல் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்திலிருந்து வருகிறது. கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பாசி நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து ‘இங்கே மீன் கூடலாம்’ என்று சொல்வார்கள். மீனையே பார்த்துச் சொல்வதில்லை, மேகம் மூடினால் அதுவும் கிடையாது. சுவாமிநாதன் நிறுவனத்தார் 2007-ல் தொடங்கிய ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ செயலியில் இதுவும் அலை உயரமும் தமிழிலேயே கிடைக்கும். கரையில் இருக்கும்போதே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கடலோரக் காவல்படை எண் 1554. படகின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். போனில் சேமித்த எண் போன் நனைந்தால் போச்சு.

கேள்வி: எங்கள் கொல்லை வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். மும்முனை கரன்ட் ராத்திரியில் வரும்போது கரும்புக்குள் நடந்து போய் மோட்டார் போட வேண்டியிருக்கிறது. பாம்பு வேறு. மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கலாமா? அப்படியே இன்னொன்று: எங்கள் பக்கம் சர்க்கரை ஆலை வைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைகள் ஏன் காணாமல் போயின?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வராமல் சிலதைக் கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம், மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ரிலே, மூன்று பேஸும் சரியாக வருகிறதா என்று பார்க்கும் சுற்று இவ்வளவுதான். முதல் கேள்வி, அது 2ஜி-யா 4ஜி-யா? மலிவான பெட்டிகள் பல 2ஜி. 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம்மை அதில் போட்டால் ஊமையாக உட்கார்ந்திருக்கும். ‘பெட்டி கெட்டுப்போச்சு’ என்று என்னிடம் தூக்கிவருவார்கள், பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. இரண்டாவது, பதிவுசெய்த எண்களிலிருந்து வரும் மிஸ்டு காலுக்கு மட்டும்தான் கேட்குமா? இல்லையென்றால் ராங் நம்பரில் எவனோ கூப்பிட மோட்டார் ஓடும். மூன்றாவது, தண்ணீர் வற்றினால் தானாக நிற்குமா?

கரன்ட் வந்ததும் தானாக ஓடும் ‘ஆட்டோ’ வசதி எல்லாவற்றிலும் இருக்கும். பைப்பிலோ மோட்டாரிலோ யாராவது கை வைத்திருக்கும் நேரத்தில் அது ஆளைக் கொன்றுவிடும். வேலை பார்க்கப் போகும்போது போனில் நிறுத்தினால் மட்டும் போதாது, மெயின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்கு நல்ல எர்த் போடுங்கள். வேளாண் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் தருகிறது. வாங்குவதற்கு முன்னால் அங்கே போங்கள், வாங்கிய பிறகு பில்லோடு போனால் பிரயோஜனமில்லை.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். இலவச மின்சாரமும் படுக்கையிலிருந்தே மோட்டார் போடும் வசதியும் சேர்ந்தால் தண்ணீர் தேவைக்கு மேல் ஓடும். நடந்து போய்ப் போடும்போது வரப்பில் நின்று பார்ப்பீர்கள், ‘போதும்’ என்று தோன்றும். போனில் அது தெரியாது. தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகளைப் பார்த்த மாவட்டம் இது. இன்றைக்கு எத்தனை அடியில் போர் இறக்குகிறோம் என்று உங்களுக்கே தெரியும். பெட்டியில் டைமர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆலைக் கடை பற்றி: அது ஈ.ஐ.டி. பாரி ஆலை 2001 வாக்கில் ‘இந்தியாஅக்ரிலைன்’ என்ற பெயரில் நடத்தியது. அதற்கு உயிர் கொடுத்தது நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் வயர்லெஸ். டவரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை, பார்வை மறைக்காவிட்டால், ஒரு பெட்டியில் போனும் நெட்டும் சேர்ந்து கிடைக்கும். வேகம் 35 அல்லது 70 கிலோபிட். போனில் பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம் என்பதே அன்றைக்கு அதிசயம். கரும்பு விவசாயி ஆலைக்கு அலையாமல் வெட்டு உத்தரவு, பணப் பட்டுவாடா விவரங்களைப் பார்க்கலாம் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான்.

ஏன் மறைந்தது என்றால், என் கணிப்பு இது: கடையின் வருமானம் டைப்பிங், பிரின்ட், ஜாதகம், பிரவுசிங் என்று சில்லறையில் ஓடியது. செல்போன் வந்து பேச்சைப் பிடுங்கிக்கொண்டது, பிறகு நெட்டையும் பிடுங்கிக்கொண்டது. மலிவாகச் செய்த நம்மூர்த் தொழில்நுட்பத்தை அதைவிட மலிவான செல்போன் முந்திவிட்டது. அதற்காக அந்தப் பொறியாளர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. இந்திய கிராமத்துக்கு இந்திய விலையில் வயர்லெஸ் செய்ய முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

கேள்வி: நான் கூடையில் மீன் வைத்து விற்பவள். என் மகன் ‘போன் இருந்தா நல்ல விலை கிடைக்கும்மா, கேரளாவில் அப்படித்தான்’ என்கிறான். இங்கே எனக்கு ஒன்றும் கூடவில்லையே?
– வாசகி, முடசலோடை

பதில்: மகன் சொல்வது ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞரின் ஆய்வு, 2007-ல் வெளிவந்தது. வட கேரளத்தில் 1997-லிருந்து செல்போன் வந்தபோது மத்தி பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ஒரு கரையில் மீன் விற்காமல் கொட்டுவதும் பக்கத்துக் கரையில் மீனே இல்லாமல் தவிப்பதும் நின்றுபோயிற்று. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பேருக்கும் நல்லது நடந்தது என்பதால் உலகம் முழுக்க அதைப் பேசினார்கள்.

இங்கே கடன் குறுக்கே நிற்கிறது அம்மா. இன்ஜினுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, மீனை அவரிடம்தான் இறக்க வேண்டும். பக்கத்துத் துறையில் கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட என்று போன் சொல்லும். கேட்டுக்கொண்டு பெருமூச்சு விடலாம், படகைத் திருப்ப முடியாது. விலை தெரிவது ஒன்று, அந்த விலைக்கு விற்கும் சுதந்திரம் வேறொன்று. போன் முதலாவதைத்தான் தரும். கூட்டுறவுச் சங்கத்திலோ குழுவிலோ கடன் வாங்கி முன்பணத்தைத் தீர்த்த பிறகுதான் மகன் சொல்வது பலிக்கும்.

உங்கள் வியாபாரத்துக்கு வேறு வழியில் உதவும். ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத் துறைமுகம் போய், ‘இன்னைக்கு வரத்து இல்லை’ என்று வெறுங்கூடையோடு திரும்புகிறீர்களே, அது மிச்சம். ஏலத்தில் நிற்கும் ஒருத்தி விடிவதற்குள் ‘நெத்திலி இருக்கு, விலை இவ்வளவு’ என்று குரல் பதிவு போட்டால் பத்துப் பேருக்கு ஆட்டோ காசு தப்பும். பார்த்துச் சொல்கிறவளுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுங்கள், சும்மா செய்யச் சொன்னால் நாலு நாளில் சலித்துவிடுவாள். ஸ்கேன் அட்டை வைத்திருந்தால், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சிறு பெட்டியின் மாத வாடகை உங்களுக்குக் கட்டுமா என்று கணக்குப் பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் போன் திரையை மட்டும் நம்பாதீர்கள், பொய்த் திரையும் உண்டு.

கேள்வி: நூறு நாள் வேலைப் பணம் எடுக்க, ஊருக்கு வரும் வங்கிக்காரப் பெண்ணிடம் விரல் வைத்தால் மெஷின் ‘தவறு’ என்கிறது. முந்திரி உடைக்கிற கை. என்ன செய்வது?
– வாசகி, காடாம்புலியூர்

பதில்: உங்களைப் போன்றவர்களின் கைகளை நான் பார்த்திருக்கிறேன். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் அந்த ஓட்டுப் பால் தோலைத் தின்றுவிடும். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் மழமழவென்று இருக்கும். ஓடு உடைக்க அதிகம் பயன்படும் அந்த இரண்டு விரல்களையே மெஷினும் முதலில் கேட்கிறது. கொடுமை.

சுண்டுவிரல், மோதிரவிரல், இடது கை என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது, எது வேண்டுமானாலும் செல்லும். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். வறண்ட தோலை மெஷின் சரியாகப் படிக்காது. கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள், பாதிக் கோளாறு அங்கேதான். அப்படியும் வரவில்லையென்றால் கருவிழி, முகம் பார்த்துச் சரிபார்க்கும் வழிகளும் ஆதாரில் உண்டு, ஆனால் எல்லா முகவரிடமும் அந்த வசதி இருக்காது. முந்திரி வேலை இல்லாத மாதத்தில் தோல் தேறியிருக்கும்போது ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பித்துவிடுங்கள்.

முகவர் அம்மாக்களுக்கும் ஒன்று: ‘சிக்னல் இல்லை, நாளைக்கு வா’ என்பது உங்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு அது அரைநாள் கூலி. விரல் வைத்த பிறகு பணம் வரவில்லை என்றால், கணக்கில் கழிந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். ரசீது கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர் உள்ள மகளிர் குழு. பி.எம்.-வாணி திட்டத்தில் வைஃபை கடை வைத்தால் வருமானம் வரும் என்கிறார்கள். எங்கள் ஊரைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு. வைக்கலாமா?
– வாசகிகள், குறிஞ்சிப்பாடி வட்டம்

பதில்: 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடைக்காரர்கூட உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் வைஃபை விற்கலாம். சட்டம் சுலபம், கணக்குத்தான் இடிக்கிறது. வீட்டுக்கு வீடு 28 நாள் ரீசார்ஜ் போட்டு, தினம் ஒன்றரை ஜி.பி. வைத்திருக்கிறவர்கள் உங்களிடம் பத்து ரூபாய்க்கு ஏன் வாங்க வேண்டும்? பிராட்பேண்டுக்கு மாதம் எண்ணூறு ரூபாய் என்று வையுங்கள். எண்பது கூப்பன் விற்றால் அசல் வரும், கரன்ட் பில் தனி. ரீசார்ஜ் தீர்ந்த மாதக் கடைசியிலும், பிள்ளைகள் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்திலும்தான் ஓடும். வைஃபையை மட்டும் விற்றுப் பன்னிரண்டு பேர் பங்கு போட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அதே இணைப்பை வைத்து வேலை விற்கலாம். வங்கி முகவர், சான்றிதழ் விண்ணப்பம், பயிர்க் காப்பீட்டுப் பதிவு, நூறு நாள் அட்டை, கரன்ட் பில். இதற்கெல்லாம் போன் இருந்தும் செய்யத் தெரியாதவர்கள் வருவார்கள். வைஃபை அங்கே திண்ணை மாதிரி, வந்தவர் உட்காரட்டும்.

சவுக்கு விஷயத்துக்கு வருகிறேன். வைஃபை அலையை ஈர இலை குடித்துவிடும், சவுக்கு ஊசியும் விலக்கில்லை. தோப்பு வெட்டின வருஷம் பக்கத்து ஊருக்கு இணைப்பு கண்ணாடி போல இருக்கும். மரம் வளர வளரக் குறைந்து, மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் அறுந்துபோகும். ‘கம்பெனிக்காரன் வேகத்தைக் குறைச்சுட்டான்’ என்று ஊரே திட்டும். அதனால் இன்றைய மர உயரத்தைப் பார்த்துக் கம்பம் நடாதீர்கள், வெட்டுக்கு வரும்போது எவ்வளவு உயரம் இருக்குமோ அதற்கு மேல் நடுங்கள். 2005-லிருந்து திறந்த வெளியிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை, சக்தி வரம்பு மட்டும் உண்டு.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, கிராமத்துக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபையில் இணைத்தது. கிராமத்தில் இருக்கும் நோயாளியை மருத்துவமனை டாக்டர் வீடியோவில் பார்ப்பார். அந்தக் குழு பிறகு எழுதியதில் எனக்குப் பிடித்த இடம், ரேடியோவை அதிகம் கெடுத்தது கரன்ட்தான் என்பது. திடீரென்று ஏறும் வோல்டேஜ், குறையும் வோல்டேஜ், செத்த பேட்டரி. ஆகவே குழுப் பணத்தில் முதலில் ஸ்டெபிலைசர், சர்ஜ் பாதுகாப்பு, எர்த். மாதாமாதம் பேட்டரிக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், அதில் யாரும் கடன் கேட்கக் கூடாது. மூன்று வருஷத்தில் பேட்டரி செத்தே தீரும். மானியத்தில் வந்த மையங்கள் பல அந்த மூன்றாம் வருஷத்தில்தான் பூட்டப்பட்டன. உங்களில் இரண்டு பேராவது கேபிள் முனை போடக் கற்றுக்கொள்ளுங்கள், சனிக்கிழமை கடைக்கு வந்தால் நானே சொல்லித்தருகிறேன், காசு வேண்டாம்.

கேள்வி: பெஞ்சல் புயலன்று எந்த சிக்னலும் இல்லை. அடுத்த புயலுக்கு என்ன செய்து வைக்க?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. டவர் விழுவது அபூர்வம். கரன்ட் போனதும் டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல். சாலையில் மரம் விழுந்து கிடக்க டீசல் வண்டி வர முடியாது, அதோடு அடங்கிவிடும்.

பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். வீட்டில் நாலு போன் இருந்தால் மூன்றை அணைத்துவிடுங்கள். பேச்சு போகாத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். நழுவிப் போய்விடும். செட்டிங்கில் நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேடுங்கள். பேரிடர் நேரத்தில் ஒரு கம்பெனி வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி டவரைப் பயன்படுத்த அரசு அனுமதிப்பதுண்டு. வீட்டில் பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளை இருந்தால் பொழுதுபோக்காக வயர்லெஸ் பேச உரிமம் தரும் ஹாம் ரேடியோ தேர்வு எழுதச் சொல்லுங்கள், டவர் படுத்த நாளில் அவர்கள்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் முந்திரித் தோப்பில் 5ஜி டவர் வைக்க மாதம் முப்பதாயிரம் வாடகை, முன்பணம் இருபது லட்சம் என்று போன் வந்தது. ‘டிராய் அனுமதிச் சான்றிதழ்’ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். பதிவுக்கு 14,500 கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– பெயர் வேண்டாம், விருத்தாசலம்

பதில்: கட்டாதீர்கள். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், டவர் வைக்க அது யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, வரி கேட்பதில்லை. நிஜமான டவர் கம்பெனி உங்களுக்குப் பணம் தரும், உங்களிடம் வாங்காது. அதுவும் அவர்கள் ஆளே நேரில் வந்து, இடம் அளந்து, பட்டா பார்த்த பிறகுதான். முந்திரித் தோப்புக்கு நடுவில், அக்கம்பக்கம் வீடில்லாத இடத்தில், இருபது லட்சம் கொடுத்து டவர் வைக்க அவர்களுக்கு என்ன வேண்டுதல்? ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் வெட்கப்படாமல் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. அந்தச் சான்றிதழையும் எண்ணையும் அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் வேண்டும்.